ஒன்பது இடங்களும் ஓர் ஒழுங்கையும்

கடந்த வருடம் யாழ்ப்பாணத்து மகளிர் பாடசாலை ஒன்றிலிருந்து 24 மாணவிகள் எமது கல்லூரிக்கு வந்திருந்தார்கள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் மூன்று நாட்கள் எம்மோடு தங்கினார்கள். அந்த நாட்களில் எடுத்த புகைப்படங்கள் இன்னும் எமது காட்சிப் பலகையில் இருக்கின்றன. எல்லாப் படங்களிலும் எல்லோரும் சிரிக்கிறோம். நானும் சிரிக்கிறேன். ஆனால், அந்த மூன்று நாட்களில் எனக்கு எதையாவது கற்றுத் தந்த இரண்டு மணித்தியாலங்கள் அந்தப் படங்கள் எதிலும் இல்லை. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் கொழும்பைச் சுற்றிக் காட்டும் நாள். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவள் நான்தான் என்பதால் அது எனக்கு மனப்பாடம். சுதந்திர சதுக்கம், தேசிய நூதனசாலை, விகாரமாதேவி பூங்கா, கங்காராமை விகாரை, தாமரைக் கோபுரம், புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கடைசியாகக் காலிமுகத்திடல். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை ஒன்பது இடங்கள். மதச் சமநிலை பார்த்து, நான்கு சமயத்தாரின் தலங்களும் அடங்கும்படி கவனமாகத் தயாரித்த பட்டியல். அதைத் தயாரித்த ஆசிரியைகளின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் அன்று மதியம் உட்கார்ந்து சாப்பிட்டதைக்கூட நான் காணவில்லை.

ஆனால் பஸ் இரண்டு. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தங்கள் பஸ்ஸில், நாங்கள் எங்கள் பஸ்ஸில். வரவு எடுக்க அது வசதி. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பஸ்களும் நிற்கும். நாங்கள் இறங்குவோம், அவர்கள் இறங்குவார்கள், சேர்ந்து நின்று படம் எடுப்போம், மறுபடியும் அவரவர் பஸ்ஸில் ஏறுவோம். ஒரே நகரத்தை ஒரே நாளில் பார்த்தோம். சேர்ந்து பார்க்கவில்லை.

நூதனசாலையின் முன்னால் நான் ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையை அமைக்கச் செய்தவர் ஆளுநர் கிரகரி என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கட்டி முடித்தவர் எமது சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, ஜும்ஆ தினமான வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக எமது பெரியவர்கள் சொல்வார்கள். இதை நான் பெருமையோடு சொன்னேன். அவர்களும் கைதட்டினார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால், அன்று முழுவதும் நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தாமரைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மாணவி என் பக்கத்தில் வந்து நின்றாள். 2022ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தக் கோபுரத்துக்கு நானும் அன்றுதான் முதன்முதலாகப் போயிருந்தேன். கீழே கொழும்பு முழுவதும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது.

“இதில உங்கட வீடு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

கடற்கரை ஓரமாகத் தெற்குப் பக்கம் கையைக் காட்டி, “அங்க, வெள்ளவத்தையில” என்றேன். எந்தக் கட்டடம் என்று காட்ட முடியவில்லை.

“வெள்ளவத்தையோ? அங்க எங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டீங்களோ?”

நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை கொச்சிக்கடையில் இன்னொன்று நடந்தது. எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அந்தோனியார் திருத்தலத்துக்கு ஒதுக்கப்பட்டது 15 நிமிடம். விருந்தினர்கள் இறங்கிப் போனார்கள். நாங்கள் எமது பஸ்ஸிலேயே இருந்தோம். இறங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அவர்களில் கத்தோலிக்க மாணவி ஒருத்தி ஜன்னல் அருகே வந்து, “நீங்களும் வாங்கோவன்” என்று கூப்பிட்டாள். தலைவலி என்று சொன்னேன். எனக்குத் தலைவலி இருக்கவில்லை.

2019 ஏப்ரல் 21 அன்று நான் 6ஆம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஈஸ்டர் ஞாயிறன்று இந்தத் தேவாலயத்திலும் ஏனைய இடங்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. செய்தவர்கள் எமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஒரு நாள், பஸ்ஸில் உம்மாவும் நானும் போய் உட்கார்ந்ததும் எங்கள் பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு ஆசனத்துக்குப் போனார். அவர் எங்களைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. பயந்துதான் போனார். பதினொரு வயதில், என்னைப் பார்த்து ஒரு பெரிய மனிசி பயப்படுகிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அன்றிலிருந்து அந்தத் தேவாலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். நான் எதுவும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்துகொள்வேன்.

ஆகவே, முதல் நாளின் கணக்கு இதுதான்: ஒன்பது இடங்கள், சில நூறு படங்கள், ஒரு பொய்த் தலைவலி.

இரண்டாம் நாள் விவாதப் போட்டியும் கலை நிகழ்ச்சியும். மூன்றாம் நாள் காலையில் அவர்கள் ஊர் திரும்புவதற்கு முன் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. கோபுரத்தில் என்னோடு பேசிய மாணவி தன் ஆசிரியையிடம் போய் எதையோ மெதுவாகச் சொன்னாள். அவர் எமது பொறுப்பாசிரியையிடம் பேசினார். முடிவில் அவர்கள் ஐந்து பேர், நாங்கள் ஐந்து பேர், இரண்டு ஆசிரியைகள் எனச் சாதாரண பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனோம்.

காலி வீதியில் இறங்கியதும் அவர்களின் நடையே மாறிவிட்டது. இரண்டு நாளாக ஆசிரியைக்குப் பின்னால் வரிசையாக வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் போகத் தொடங்கினார்கள். புடவைக் கடை, நகைக் கடை, தமிழில் எழுதிய பெயர்ப் பலகைகள், முருங்கைக்காய்க் கட்டோடு நடைபாதை வியாபாரி. ஒருத்தி ஒரு மாம்பழக் குவியலைக் கண்டு நின்றுவிட்டாள். கறுத்தக் கொழும்பான்! விலையைக் கேட்டவள், “எங்கட ஊர்ப் பழத்துக்கு உங்கட ஊர்ப் பேர். விலையும் உங்கட ஊர் விலை” என்றாள். வியாபாரியும் சிரித்துவிட்டார். 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைப் பற்றி அவர்கள் என்னிடம் கேட்டார்கள். 1942இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. தமிழை ஒரு பாடமாக எடுத்து உயர்தரம் படிக்கும் நான், பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வாழ்ந்தும், அதற்குள் ஒரு நாளும் போனதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அந்த மாணவி ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தாள். அதில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் இலக்கமும் வீட்டு இலக்கமும் இருந்தன. அவளுடைய அப்பப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக வேலை செய்தவராம். 1983 ஜூலையில் காலி வீதியில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதலில் அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கும் போனவராம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் அவளுடைய அப்பா. அப்பப்பா இப்போது இல்லை. “போனால் அந்த ஒழுங்கையை ஒருக்காப் பார்த்துக்கொண்டு வா” என்று அப்பா சொல்லி அனுப்பினாராம்.

ஒழுங்கையைக் கண்டுபிடித்தோம். வீடு இருக்கவில்லை. அந்த இடத்தில் உயரமான தொடர்மாடி ஒன்று நின்றது. அவள் கேற்றையும், கேற்றுக்கு வெளியே நின்ற ஒரு வேப்ப மரத்தையும் படம் எடுத்தாள். “மரம் அப்பவும் நிண்டிருக்கும், என்ன?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனாலும், “ஓ, பெரிய மரந்தானே” என்றேன்.

அந்த ஒழுங்கையிலிருந்து எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. நான் தினமும் ரியூஷனுக்குப் போகும் வழி அது. எத்தனை ஆயிரம் தடவை அந்த மரத்தைக் கடந்திருப்பேன்! அது யாரோ ஒருவருடைய வீட்டு மரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வெயில் கடுமையாக இருந்ததால், ஆசிரியைகளின் அனுமதியோடு எல்லோரையும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப் போனேன். உம்மா அவசர அவசரமாக நன்னாரி சர்பத் கரைத்தார். உம்மம்மா கதிரையில் இருந்தார். அவருக்கு இப்போது பார்வை குறைவு, ஆனால் காது நல்ல கூர்மை. பிள்ளைகள் பேசிய இரண்டு வசனத்திலேயே நிமிர்ந்துவிட்டார்.

“பிள்ளை எந்தப் பக்கம்?”

“யாழ்ப்பாணம், அம்மம்மா.”

“அது விளங்குது. யாழ்ப்பாணத்தில எங்க?”

“வண்ணார்பண்ணை.”

உம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்க ஐந்துசந்தி” என்றார்.

அந்தப் பிள்ளைக்கு அது புரியவில்லை. ஐந்துசந்தி அவளுடைய வீட்டுக்குக் கிட்ட. அங்கே சுவர் மட்டும் நிற்கும் உடைந்த வீடுகளை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடுகள் என்றுதான் நினைத்திருந்தாளாம். “நீங்கள் ஏன் அங்கயிருந்து வந்தனீங்கள்?” என்று நேராகக் கேட்டாள். ஆசிரியைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உம்மம்மா சொன்னார். 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் மட்டும் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோரைப் போல எங்கள் குடும்பமும் புத்தளத்தில் போய் ஒதுங்கியது. உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது.

இவற்றையெல்லாம் நானும் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஆனால் கடைசியில் உம்மம்மா சொன்ன ஒன்றை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். “அண்டைக்குத் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டு வச்சிருந்தேன், மகள். அது அப்படியே கிடந்து போச்சு. நகை போனது நெஞ்சில நிக்கல்ல. அந்த உழுந்துதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது” என்றார்.

வண்ணார்பண்ணைப் பிள்ளை அழுதுவிட்டாள். “எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, அம்மம்மா” என்றாள். உம்மம்மா அவளுடைய தலையைத் தடவி, “நீ அப்ப பிறக்கவே இல்லையே, பிள்ளை” என்றார்.

பிறகு உம்மா அந்தத் துண்டுக் கடதாசிக் கதையைக் கேட்டார். அந்தப் பிள்ளை சொன்னாள். ஒரே அறையில், ஒரே சர்பத்தைக் குடித்துக்கொண்டு, ஒரு வீட்டுக் கதையும் இன்னொரு வீட்டுக் கதையும். யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. உன் துயரம் பெரிதா என் துயரம் பெரிதா என்று யாரும் அளக்கவும் இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அவர்களின் பஸ் புறப்பட்டுவிட்டது.

என் கருத்து இதுதான்: இடங்களைக் காட்டுவதற்குப் பரிமாற்றம் தேவையில்லை. சுற்றுலா போதும். பரிமாற்றம் என்ற சொல்லுக்குள் கொடுப்பதும் இருக்கிறது, வாங்குவதும் இருக்கிறது. நாங்கள் ஒன்பது இடங்களில் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஓர் ஒழுங்கையில் இரண்டும் நடந்தன.

எமக்கு இது புதிய பாடமும் அல்ல. 1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது, புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று விருந்தாளி கேட்டார். அரசர் பல்லக்குக் கொடுத்தார். அதோடு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்கள் பத்துப் பேர், பொருட்கள் சுமக்கப் பதினைந்து பேர் என வழித்துணையும் அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணியும் யோகிகளும் பிராமணர்களும் ஒரே காட்டு வழியில் பல நாள் நடந்தார்கள். திரும்பும் வழியில் அவர் கொழும்பையும் கண்டு எழுதி வைத்தார். அவருடைய குறிப்புகள் 680 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவர் கட்டடங்களை எண்ணியதோடு நிற்காமல் வழியில் கண்ட மனிதர்களோடு இருந்து சாப்பிட்டதும் பேசியதும் என்றே நான் நினைக்கிறேன். யாழ்ப்பாண அரசர் முஸ்லிம் விருந்தாளியை வரவேற்ற அதே புத்தளத்துக்கு, 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். இவ்விரண்டும் எமது வரலாறுதான். ஒன்றை மட்டும் மேடையில் பேசி, மற்றதை மறைப்பது நேர்மையல்ல.

கொட்டாஞ்சேனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாங்கள் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போன தெருக்களில் எத்தனை கதைகள்! 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, அங்குள்ள தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பெரஹராவை ஒட்டிக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையில் கலவரம் மூண்டது. இரண்டு ஆண்டுகளின் பின் 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. இன்று நாடெங்கும் பறக்கும் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்ட இடங்களில் அந்த விகாரையும் ஒன்று. விகாரை, புனித லூசியாள் பேராலயம், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டிய சிவன் கோயில், அந்தோனியார் திருத்தலம், பள்ளிவாசல்கள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அடித்துக்கொண்ட பிறகும் சேர்ந்து வாழ்வது எப்படி என்று கற்க, இந்தக் கொழும்பு 13ஐ விட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. அதற்கு நாங்கள் ஒதுக்கியது 15 நிமிடம்.

உல்லாசமாக இருக்க வந்த பிள்ளைகளிடம் ஏன் பழைய சோகத்தைப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். என் வகுப்புத் தோழி ஒருத்தியே கேட்டாள். அவளுக்கு நான் சொன்னது: காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டதும், அலையில் சப்பாத்து நனைந்ததும் எனக்கும் பிடித்தவைதான். அவை இருக்கட்டும். ஆனால் அந்த மூன்று நாளில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது மாம்பழக் கடையில்தான். மனந்திறந்து அழக்கூடிய இடத்தில்தான் மனந்திறந்து சிரிக்கவும் முடிகிறது. மேலும், பேசாமல் விட்டதால் அந்தச் சோகம் போய்விடவில்லை. அவளுடைய வீட்டில் ஒரு துண்டுக் கடதாசியாகவும், எங்கள் வீட்டில் ஊறிய உழுந்தாகவும், என்னிடம் ஒரு பொய்த் தலைவலியாகவும் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது.

மூன்று நாள் பயணம் நாட்டை மாற்றிவிடுமா என்றும் கேட்கலாம். மாற்றாது. ஆனால் தொடர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பிரான்சும் ஜேர்மனியும் 1870, 1914, 1939 என எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போரிட்ட நாடுகள். 1963இல் அவை நட்புறவு ஒப்பந்தம் செய்தபோது, அதே ஆண்டிலேயே இளைஞர் பரிமாற்றத்துக்கென்று ஒரு தனி அலுவலகத்தையும் அமைத்தன. அன்றிலிருந்து இரு நாட்டு இளைஞர்களும் இலட்சக்கணக்கில் போய் வந்திருக்கிறார்கள். பலர் அடுத்த நாட்டுக் குடும்பத்தின் வீட்டிலேயே தங்கி, அவர்களின் மேசையில் சாப்பிட்டுப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. ஒரு பக்கம் மட்டும் போகவும் இல்லை.

ஆகவே சில யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, பஸ்ஸைப் பங்கிடுவோம். இரண்டு பஸ் இருந்தாலும் ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு விருந்தினரும் ஒரு கொழும்புப் பிள்ளையும் இருக்கட்டும். வரவு எடுப்பது கொஞ்சம் சிரமம்தான். பெயர்ப் பட்டியலை நானே எழுதித் தருகிறேன்.

இரண்டாவது, இடங்களைக் குறைப்போம். ஒன்பதை மூன்றாக்கி, மிஞ்சும் நேரத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடப்போம். ஆசிரியைகளும், விரும்பும் தாய்மாரும் கூட வந்தால் பாதுகாப்பு பற்றிய பெற்றோரின் கவலையும் குறையும். அந்தக் கவலை நியாயமானதுதான். எனது வாப்பாவும் முதலில் யோசித்தார்.

மூன்றாவது, ஒரு வேளை உணவாவது ஒரு வீட்டில். அந்த வீட்டில் ஒரு மூத்தவர் இருந்தால் இன்னும் நல்லது. எமது பாடப் புத்தகத்தில் இல்லாதவை அவர்களிடம் இருக்கின்றன.

நான்காவது, இது தமிழ் பேசும் எங்களோடு மட்டும் நிற்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடு பேச எனக்கு மொழி தடையாக இருக்கவில்லை. ஒரு சிங்களப் பாடசாலை மாணவியோடு இதே இரண்டு மணித்தியாலம் எப்படிப் போயிருக்கும்? எனது சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுதான். அதைத் திருத்திக்கொள்வது என் பொறுப்பு.

ஐந்தாவதுதான் மிக முக்கியம்: திரும்பிப் போக வேண்டும். எமது கல்லூரி யாழ்ப்பாணம் போவதாகத்தான் திட்டம் இருந்தது. பரீட்சை வந்தது, செலவு வந்தது, பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. அவர்கள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்து வந்தார்கள். நாங்கள் கல்லூரி வாசல் வரை போய்க் கையசைத்தோம். ஒருவர் மட்டும் வந்து போவது விருந்து. மற்றவரும் போனால்தான் உறவு.

இவ்வளவும் சொல்பவள் தன் பங்குக்கு என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் போய் சில வாரங்களின் பின், வாப்பாவிடம் அந்தத் தலைவலிக் கதையைச் சொன்னேன். “வணங்குறது வேற, போய்ப் பார்க்கிறது வேற, மகள். ஒரு மையித்து வீட்டுக்குப் போற மாதிரி நினைச்சுக்கொண்டு போவோம்” என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை உம்மாவும் வாப்பாவும் நானும் கொச்சிக்கடைக்குப் போனோம். செவ்வாயில் அங்கே எல்லாச் சமயத்தவரும் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று கண்ணால் கண்டேன். வாசலில் எல்லோருடைய பைகளையும் போல எங்கள் பைகளையும் பார்த்தார்கள். பிறகு உள்ளே போக வழிவிட்டார்கள். உயிரிழந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லின் முன் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எத்தனை தமிழ்ப் பெயர்கள்! என் வயதுப் பிள்ளைகளாக இருந்திருக்கக்கூடிய பெயர்கள். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் என் பர்தாவைப் பார்த்தார். நான் பழையபடி குனியப் போனேன். அவர் கொஞ்சம் ஒதுங்கி, நான் வாசிப்பதற்கு இடம் விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் குனியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அறிமுகமாவதன் அவசியத்தைப் பற்றி, சூரா ஹுஜுராத்தை மனனம் செய்த எமது மாணவிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஓதியதை ஒரு தடவை நடந்தும் பார்ப்போம் என்பதுதான் என் வேண்டுகோள்.

சென்ற மாதம் வண்ணார்பண்ணைப் பிள்ளை உம்மாவின் வட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். உம்மம்மா சொன்ன அடையாளங்களை வைத்து, ஐந்துசந்தியில் அந்த வளவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். கூரை இல்லை. சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. முற்றத்தில் கிணறு மட்டும் இருக்கிறது. உம்மம்மா தொலைபேசியைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “கிணத்துக்கட்டு அப்படியே இருக்கு” என்றார்.

படத்துக்குக் கீழே அந்தப் பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தாள்: “நீங்கள் எல்லாரும் எப்ப வாறீங்கள்?”

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அந்தப் பதிலை என்னால் தனியாக எழுத முடியாது. எமது அதிபர் அவர்களும் ஆசிரியைகளும் பெற்றோரும், இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் என் சகோதரிகளும் சேர்ந்துதான் எழுத வேண்டும்.